என் தங்கை போகும் போலீஸ் கிரவுண்ட் பயிற்சி எப்படி? முழு விமர்சனம்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் தங்கை போன வருடத்திலிருந்து ஒரு கிரவுண்ட் பயிற்சிக்கு, அதாவது அந்தத் தேர்வின் உடற்திறன் பகுதிக்கான மைதானப் பயிற்சிக்குப் போகிறாள். நடத்துபவர் காவல்துறையில் சிறப்பு உதவி ஆய்வாளராக, அதாவது எஸ்.எஸ்.ஐ. ஆக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தப் பயிற்சிக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. இருக்கிற கூட்டத்துக்கே ஏறிப் பழகும் கயிறு போதவில்லை, பெயர் போட்டு எழுதிவிடாதே தம்பி என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் ஊர், பெயர் இரண்டையும் விட்டுவிட்டேன். உங்கள் ஊரில் இந்த மாதிரி ஓர் இடத்தைத் தேடும்போது எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகளும் உண்டு, சிலது பெரிய குறைகள், அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். பிடித்ததற்கு முதல் காரணம், போலீஸ் வேலையைப் பற்றி இங்கே யாரும் பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. காக்கிச் சட்டை மேல் இருக்கும் ஆசையை ஏற்றிவிட்டுக் காசு வாங்குவது சுலபம். அந்தச் சட்டைக்குள் இருக்கும் வேலை என்ன, அது ஒரு மனுஷனிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று முழுசாகச் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் நான் வருகிறேன் என்று நிற்பவனைத் தயார் செய்வது கஷ்டம். போலீஸ்காரர்களைக் கௌரவிக்கிறோம் என்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதைவிட, நாளைக்கு அவர்கள் தோளோடு தோள் நிற்கப் போகிற ஆளை ஒழுங்காகத் தயார் செய்து அனுப்புவது பெரிய மரியாதை என்று நான் நினைக்க ஆரம்பித்தது இந்த கிரவுண்டைப் பார்த்த பிறகுதான்.

சேர்க்கை நாளிலேயே அது தெரிந்துவிடும். பணம் வாங்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளக்கிறார். காவலர் தேர்வில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். மார்பளவைப் பயிற்சியால் கொஞ்சம் கொண்டுவரலாம், உயரத்தைக் கொண்டுவர முடியாது. என் தங்கையோடு அன்றைக்கு வந்த ஒரு பையன் 168 இருந்தான், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, 170 வேண்டும். கம்பியில் தொங்கினால் இரண்டு சென்டிமீட்டர் வந்துவிடும் என்று யாரோ சொல்லி நம்பிக்கையோடு வந்திருக்கிறான். ஐயா அவனைத் தனியாக உட்கார வைத்து, இந்த வயதுக்கு மேல் அப்படி எல்லாம் வளராது, இதில் இரண்டு வருடத்தைத் தொலைக்காதே, குரூப் 4-க்குப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பையன் முகம் வாடிப்போனது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்திலேயே வேறொரு மையத்தில் இதே மாதிரி உயரம் குறைந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட வைத்து, கடைசியில் உடல் அளவீட்டில் முதல் நிமிடத்திலேயே வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கிடைத்த பதில் நல்ல பதில்.

அப்புறம் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். ஊர்த் திருவிழாவில் சண்டை, கல்லூரியில் அடிதடி, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லச் சொல்வார். தேர்வில் ஜெயித்த பிறகு காவல் நிலையத்திலிருந்து விசாரிப்பார்கள், அப்போது எஃப்.ஐ.ஆர். தெரியவரும், விண்ணப்பத்தில் மறைத்திருந்தால் அத்தோடு போச்சு. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் விடுவித்திருந்தாலும் சிக்கல்தான். இதை எத்தனை மையத்தில் முதல் நாளே சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. 18, 19 வயதுப் பையன்களுக்கு இதைவிட முக்கியமான அறிவுரை இருக்க முடியாது, ஏனென்றால் கூட்டாளிக்காக ஒரு சாயங்காலம் போய் நின்றதுக்கு முழு எதிர்காலமும் போகிறது.

சரி, தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் நடத்துகிறது, இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28 வரை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை. முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண், அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தாள் 70 மதிப்பெண், அதில் பொது அறிவு 45, உளவியல், அதாவது கணக்கு, எண் வரிசை, தர்க்கம் மாதிரியான கேள்விகள், 25. அதற்குப் பிறகுதான் கிரவுண்ட், 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழுக்கு 6. மொத்தம் 100. எழுத்துத் தேர்வில் முன்னால் வருபவர்களை ஒரு இடத்துக்கு ஐந்து பேர் என்று கிரவுண்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே எல்லாரும் நெருக்கமான மதிப்பெண்ணில்தான் நிற்பார்கள். கிரவுண்டில் ஒவ்வொரு போட்டியிலும் எட்டும் அளவைப் பொறுத்து ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று தருவார்கள், அதனால் ஒரு ஸ்டார் கூடுவதும் குறைவதும் வேலையே கிடைப்பதற்கும் போவதற்கும் உள்ள தூரம்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன், இவர்களின் பலமே இதுதான்.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இதற்கு மதிப்பெண் இல்லை, ஓடி முடித்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். இந்த மைதானத்தில் ஒரு சுற்று 300 மீட்டர் என்று அளந்து சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள், ஐந்து சுற்று. புதிதாக வருகிறவன் எவனாக இருந்தாலும் முதல் சுற்றில் பறப்பான், மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். ஐயா ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஒரு சுற்றுக்கு 84 விநாடி என்றால் சரியாக 7 நிமிடம், 80 விநாடி பிடித்தால் நிம்மதி. வேகமாக ஓடியதற்கே திட்டு வாங்கும் பையன்களை நான் இங்கேதான் பார்த்தேன், முதல் சுற்றை 65 விநாடியில் முடித்தவனை நிறுத்தி மறுபடி ஓடச் சொல்கிறார். புதியவர்களுக்கு முதல் சில வாரம் வேகமே கிடையாது, நடையும் மெதுவான ஓட்டமும் மட்டும். ஆர்வத்தில் தார் ரோட்டில் தினமும் ஓடி முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்து படுத்தவர்கள் நிறையப் பேர் என்பதால், மண் தரையில்தான் ஓட வேண்டும், ஷூ போட்டுத்தான் ஓட வேண்டும், வலி வந்தால் மறைக்கக் கூடாது, மூன்றும் இங்கே சட்டம்.

கயிறு ஏறுவதைக் கற்றுத் தருவதில்தான் இவரை மிஞ்ச ஆள் இல்லை என்பேன். 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிய பையன்கள்தான் இதில் முதலில் தோற்கிறார்கள், ஏனென்றால் வெறும் கையால் இழுத்துக்கொண்டே போவார்கள், நாலு மீட்டரில் முன்னங்கை இறுகிக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே முதல் வாரம் கயிற்றில் ஏறவே விடுவதில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டே ஒரு பாதத்தின் மேல் கயிற்றை விட்டு இன்னொரு பாதத்தால் பூட்டுவது எப்படி என்று அது மட்டும்தான். கால் பூட்டு சரியாக விழுந்தால் உடம்பின் எடை காலுக்குப் போய்விடும், கைக்கு ஓய்வு கிடைக்கும். கயிற்றின் முடிச்சை தினமும் காலையில் ஐயாவே மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். கீழே மெத்தை இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. இறங்கும்போது சறுக்கி வந்தால் உள்ளங்கை தோல் உரிந்துவிடும் என்பதால் கை மாற்றி மாற்றித்தான் இறங்க வேண்டும்.

நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டர் ஒரு ஸ்டார், 4.50 இரண்டு ஸ்டார். அதற்குப் பதில் உயரம் தாண்டலாம், 1.20, 1.40. ஓட்டத்தில் 100 மீட்டர் என்றால் 15 விநாடி, 13.5 விநாடி, 400 மீட்டர் என்றால் 80, 70. எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒவ்வொருவரையும் இரண்டிலும் பல நாள் பார்த்த பிறகே சொல்கிறார். உயரமாக, ஒல்லியாக இருக்கிறவன் எல்லாம் 400 எடுக்க வேண்டும் என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது, இவர் அதை ஏற்பதில்லை, கடிகாரம் சொல்வதைத்தான் கேட்பார்.

பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அது தகுதி. அப்புறம் நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75 மீட்டர். குண்டு எறிதல் 4.25, 5.50, அல்லது கிரிக்கெட் பந்து 17, 24 மீட்டர். 100 மீட்டர் 17.5, 15.5 விநாடி, அல்லது 200 மீட்டர் 38, 33 விநாடி. என் தங்கை வந்தபோது 200 மீட்டரை 43 விநாடியில் ஓடினாள், இப்போது 36. பந்து எறிவதில்தான் அவளுக்குப் பெரிய முன்னேற்றம். எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பிள்ளைகள் கையில் சின்ன வயதில் யாரும் பந்து கொடுப்பதில்லை, அதனால் தோளைத் திருப்பாமல் முழங்கையை மட்டும் மடக்கி எறிவார்கள், பந்து பத்து மீட்டர் போகாது. இங்கே ஒரு காவலர் அக்கா விடுமுறை நாட்களில் வந்து பெண்களுக்கு மட்டும் தனியாக எறியச் சொல்லித் தருகிறார், காலை எங்கே ஊன்ற வேண்டும், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும் என்று. அவரும் இதே கிரவுண்டில் பயிற்சி எடுத்துப் போனவர்தான், ஆயுதப்படையில் இருக்கிறார், விடுமுறை கிடைப்பதே அபூர்வமான வேலையில் இருந்துகொண்டு அந்த விடுமுறையையும் இங்கே வந்து செலவழிக்கிறார். காசு வாங்குவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பு வைக்கிறார், அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுதத் தோன்றுகிறது. பாடம் எதுவும் கிடையாது. வேலை எப்படி இருக்கும் என்று பேசுவார், பெற்றோரும் வரலாம், நான் அடிக்கடி போய் உட்காருவேன். இரண்டாம் நிலைக் காவலருக்குச் சம்பள விகிதம் 18,200 – 67,100 என்று அறிவிப்பில் பார்க்கிறோம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல அறிவிப்பில் இடமில்லை. பயிற்சி முடிந்ததும் எல்லாரும் சினிமாவில் பார்ப்பது மாதிரி ஸ்டேஷனுக்குப் போய்க் குற்றவாளியைப் பிடிக்கப் போவதில்லை, ஆயுதப்படைக்கோ, ஆண்களாக இருந்தால் சிறப்புக் காவல் படைக்கோதான் முதலில் போவார்கள். பாரா, அதாவது வாசல் காவல், நிற்க வேண்டும், கைதியை நீதிமன்றத்துக்கு வழிக்காவலில் கூட்டிப் போக வேண்டும், தலைவர்கள் வரும் வழியில் வெயிலில் பந்தோபஸ்து நிற்க வேண்டும், அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே வீட்டில் இருக்கும்போது நீங்கள் ரோட்டில் இருப்பீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று காவலர்களுக்கு 2021-ல் அரசாணை வந்தது, அது பெரிய விஷயம், ஆனாலும் பெரிய பந்தோபஸ்து வந்தால் அந்த நாள் தள்ளிப் போகும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்கிறார். பெண்களுக்குப் பந்தோபஸ்து நாளில் கழிப்பறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தக் காவலர் அக்கா வெட்கப்படாமல் எல்லார் முன்னாலும் சொன்னார், பையன்களும் கேட்டார்கள், கேட்க வேண்டிய விஷயம்தான்.

இப்படிப் பேசினால் பிள்ளைகள் பயந்து ஓடிவிடுவார்களே என்று ஒரு அப்பா கேட்டார். ஓடுகிறவர்கள் இப்போதே ஓடுவது எல்லாருக்கும் நல்லது, ஒரு இடம் மிச்சம் என்றார் ஐயா. உண்மையிலேயே சிலர் வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்களோ கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள், ஓடுவதிலும் படிப்பதிலும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

எங்கள் அம்மா ஒரு சனிக்கிழமை வந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை சரிப்பட்டு வருமா என்பது அவருடைய கவலை, பாதி மனசோடுதான் தங்கையை அனுப்பிக்கொண்டிருந்தார். ஐயா வாதம் செய்யவில்லை. 1973-ல் தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தபோது மொத்தம் 22 பேர்தான், ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள், அப்போது அவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசியுங்கள் என்றார். 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, இன்றைக்கு ஒரு பெண் புகார் கொடுக்கப் போனால் இன்னொரு பெண் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார், அந்த இடத்தில் உங்கள் மகள் உட்காரப் போகிறாள் என்றார். 2021 நவம்பர் மழையில் சென்னையில் இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி மயங்கிக் கிடந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதை எல்லாரும் டிவியில் பார்த்திருக்கிறோம், அம்மாவும் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னதும் அம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்து, நீ அப்படித் தூக்குவியா என்று கேட்டார். அதற்குப் பிறகு காலையில் தங்கையை எழுப்பிவிடுவதே அம்மாதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனத்துக்கு அர்த்தம் இல்லை. 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்ததைப் பற்றியும் இந்த வகுப்பில் பேசுகிறார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர், போலீஸில் சேரத் துடிக்கும் பிள்ளைகள் முன்னால், அந்தப் பெயர்களைச் சொல்லி, இது நடந்தது, நம் சட்டை போட்டவர்கள் இருந்த இடத்தில் நடந்தது என்று சொன்னபோது அங்கே சத்தமே இல்லை. கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், மேலதிகாரி அடி என்றாலும் அடிப்பது சட்டப்படி குற்றம்தான், மாட்டுவது அடித்த கைதான். இதைப் பையன்களைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். காவல்துறையின் மேல் இவ்வளவு பாசம் உள்ள மனுஷன் இதை மூடி மறைக்காமல் பேசுவதால்தான் அவர் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் நான் நம்புகிறேன்.

அக்டோபர் 21 அன்று காலையில் இங்கே பயிற்சி பாதியில் நிற்கும். காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த 10 பேர் உயிர்விட்ட நாள். அதே நாளில் நாடு முழுக்க அந்தந்த வருடம் பணியில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், சென்னையில் மெரினா எதிரே டி.ஜி.பி. அலுவலகத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைப்பார்கள். இங்கே மேடை, மைக், பொன்னாடை எதுவும் கிடையாது. பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஐயா பெயர்களைச் சொல்வார். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன். 2021 நவம்பரில் நவல்பட்டு ஸ்டேஷனிலிருந்து ராத்திரி ரோந்துக்குப் போய், ஆடு திருடியவர்களை பைக்கில் தனியாகத் துரத்திப் பிடித்து, அவர்கள் கையாலேயே வெட்டுப்பட்டு இறந்த எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன். இருவரும் ஐயாவின் பதவிதான். ஏழை வீட்டு ஆட்டுக்கு யாராவது ராத்திரியில் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும் இல்லையா, அதற்குத்தான் நாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடரச் சொன்னார். அன்றைக்கு விருந்தினராக அவர் கூப்பிட்டது டி.எஸ்.பி.யையோ இன்ஸ்பெக்டரையோ இல்லை, எங்கள் ஊர் சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஒருவரை. அவர் இதுவரை எந்த விழாவிலும் பேசியதே இல்லையாம், கை நடுங்கியது, ஆனால் நன்றாகப் பேசினார்.

காவல்துறையை முறைப்படுத்திய சட்டம் 1859 செப்டம்பர் 6-ல் வந்தது என்பதால் அந்த நாளைக் காவலர் நாளாகக் கொண்டாடுவது என்று தமிழ்நாடு அரசு 2025-ல் அறிவித்திருக்கிறது. இந்த நாட்களை ஊர்ப் பள்ளிகளிலும் இந்த மாதிரி, காவலர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி நடத்தினால், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட அவர்களின் தரம் கூடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இப்போது குறைகள்.

எழுத்துத் தேர்வுப் பயிற்சி போதாது. கிரவுண்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்குகூட இதற்கு இல்லை. உளவியல் 25 மதிப்பெண், பத்தாம் வகுப்போடு கணக்கை விட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய கண்டம். இங்கே அதைச் சொல்லித் தருவது ஏற்கெனவே தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பையன், நல்ல பையன், ஆனால் அவனுக்குத் தெரிந்த வழியை மட்டும் வேகமாகப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறான். மாதிரித் தேர்வுத் தாள்களில் விடைக் குறிப்பே தப்பாக இருந்ததைத் தங்கை பல தடவை காட்டியிருக்கிறாள். தமிழ்த் தகுதித் தேர்வை எல்லாரும் தாய்மொழிதானே என்று அலட்சியமாக விடுகிறார்கள், அதை இவர்களும் கண்டிப்பதில்லை. 32 மதிப்பெண் எடுக்காவிட்டால் நீங்கள் கயிற்றில் எவ்வளவு உயரம் ஏறினாலும் பிரயோஜனம் இல்லை என்பதை இங்கே இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு உடை மாற்ற இடம் இல்லை, கழிப்பறை இல்லை. மைதானத்தை ஒட்டிய ஒரு வீட்டுக்கார அம்மா தயவால் சமாளிக்கிறார்கள். பந்தோபஸ்தில் இதுதான் கஷ்டம் என்று வகுப்பில் சொல்லும் இடத்திலேயே அதே கஷ்டம் இருப்பது சரியில்லை, இதை நான் ஐயாவிடமே சொன்னேன். மைதானம் அவருடையது இல்லை, கட்ட அனுமதி கிடைக்கவில்லை என்றார். தற்காலிகமாகத் தட்டியாவது வைத்து மறைப்பு கட்டலாம், அதையாவது செய்ய வேண்டும்.

கயிறு ஒன்றுதான் இருக்கிறது, கூட்டம் அதிகமான நாளில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் வாய்ப்பு வராது. நீளம் தாண்டும் குழியில் மணல் இறுகிப்போய்க் கிடக்கும், கிளறிவிடச் சொல்லிக் கேட்டால்தான் செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகிவிடும், அப்போது மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது, பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பிடித்த வேகத்தை இழக்கிறார்கள். உதவிக்கு இருக்கும் இரண்டு இளைஞர்கள் மெதுவாக ஓடுபவர்களைப் பார்த்துக் கத்துவார்கள், எல்லார் முன்னாலும். நான் சொன்ன பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுசாக நிற்கவில்லை.

கட்டணம் மாதம் 500 ரூபாய். அப்பா இல்லாத பிள்ளைகள், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. பெரிய ஊர்களில் விடுதியோடு சேர்த்துப் பயிற்சி தரும் மையங்கள் இதைவிடப் பல மடங்கு வாங்குகின்றன, சிலது நன்றாகவும் நடத்துகின்றன, ஆனால் சேரும் முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தேர்வானவர்களின் படத்தைப் போட்டு பேனர் வைப்பார்கள், அதே முகம் இரண்டு மூன்று மையங்களின் பேனரில் இருக்கும். பேனரில் எத்தனை பேர் என்று எண்ணாதீர்கள், அந்த வருடம் மொத்தம் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், அதில் எத்தனை பேர் என்று கேளுங்கள். உயரத்தை அளக்காமல் பணத்தை வாங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு நாங்கள் கண்ட வழி, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டம். அங்கே சீருடைப் பணியாளர் தேர்வுக்கும் இலவச வகுப்பு நடக்கிறது, புத்தகங்களும் இருக்கின்றன. தங்கை காலையில் கிரவுண்ட், பகலில் அங்கே வகுப்பு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் உளவியலில் தேறினாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தாலே பொது அறிவில் பாதிக்கு மேல் வந்துவிடும், வழிகாட்டிப் புத்தகத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை உண்டு, அந்தச் சான்றிதழைப் பள்ளியில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் தலைமை ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம்.

மொத்தத்தில் கிரவுண்டுக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், வேலையைப் பற்றிய அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கும் ஐந்துக்கு ஐந்து. எழுத்துத் தேர்வுக்கு இரண்டு. வசதிகளுக்கு இரண்டு, அதுவும் அந்த வீட்டுக்கார அம்மாவுக்காக.

வேலைக்குப் போய்க்கொண்டே வரலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாம், பயிற்சி காலை 5 மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிந்துவிடும், தங்கையோடு வருபவர்களில் பாதிப் பேர் மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிறவர்கள்தான். முதல் நாள் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும், ஷூ வேண்டும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் நகல் வேண்டும், ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது, ஓடி முடித்ததும் அங்கேயே வேர்க்கடலையும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள்.